வீதி விளக்கின் ஆளி யார் கையில்?

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு இருள் புதியதொன்றன்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது லக்சபானாவிலிருந்து வந்த மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அதன் பின்னர் ஒரு தலைமுறை ஜாம் போத்தல் விளக்கின் ஒளியிலேயே படித்துப் பரீட்சை எழுதியது. மண்ணெண்ணெய்யைத் துளித்துளியாக அளந்து எரித்த அந்நாட்களில் வீதிக்கு விளக்கு என்பது நினைத்தும் பார்க்க இயலாத ஆடம்பரமாக இருந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் சோனகதெருவிலோ, விளக்கேற்றுவதற்கு ஆளே இல்லாத இருள் ஆண்டுக்கணக்கில் படிந்து கிடந்தது. இடையில் மின்பிறப்பாக்கிகளின் துணையுடன் மின்சாரம் ஓரளவு மீண்டதாயினும், தேசிய மின்தொகுதியுடன் குடாநாடு மீண்டும் இணைவதற்கு 2013ஆம் ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

பின்னர் 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போது நாடு முழுவதும் அந்த இருளை ஒருமுறை சுவைத்தது. மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்களை எட்டியிருந்த வேளையில், மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டு வீதி விளக்குகளை அணைக்குமாறு பணிக்கப்பட்டிருப்பதாக அப்போதைய மின்சக்தி அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி மார்ச் 31ஆம் திகதி அறிவித்தார். நெருக்கடி வரும்போது முதலில் அணைக்கப்படுவது வீதி விளக்கே. நெருக்கடி தீர்ந்த பின்னர் கடைசியாகக் கவனிக்கப்படுவதும் அதுவே.

இன்று குடாநாட்டின் எந்த ஊரிலும் இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒருபுறம், நண்பகல் வெயிலில் எரிந்துகொண்டிருக்கும் விளக்கு. மறுபுறம், மாதக்கணக்கில் எரியாத விளக்கின் கீழே, தனியார் கல்வி நிலையத்திலிருந்து துவிச்சக்கர வண்டியில் இருளைக் கடந்து வீடு திரும்பும் மாணவி. இவ்விரு காட்சிகளுக்கும் காரணம் ஒன்றே. எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை என்பது அதற்குப் பொறுப்பானவருக்குத் தெரிவதில்லை. எவராவது ஒருவர் சபைக்குச் சென்று முறையிட வேண்டும். முறைப்பாடு பதியப்பட வேண்டும். வாகனமும் ஊழியரும் கிடைக்க வேண்டும். பலருக்கு முறையிடும் பொறுமை இருப்பதில்லை. இருளோடு வாழப் பழகிக்கொள்கின்றனர்.

இக்குறைக்கு உலகின் பல நகரங்கள் கண்டிருக்கும் தீர்வே தொலைவிலிருந்து முகாமை செய்யப்படும் வீதி விளக்கு முறையாகும். இதன் இயக்கம் விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. ஒவ்வொரு விளக்கிலும், அல்லது ஒரு வரிசை விளக்குகளுக்கு மின்னூட்டும் பெட்டியில், சிறியதொரு கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்படும். அது கைத்தொலைபேசி வலையமைப்பின் ஊடாகவோ வானொலி அலை ஊடாகவோ சபை அலுவலகத்திலுள்ள கணினியுடன் தொடர்பில் இருக்கும். விளக்கை ஏற்றுதல், அணைத்தல், ஒளியைக் குறைத்தல் ஆகியவற்றை அங்கிருந்தே செய்யலாம். விளக்கொன்று பழுதடைந்தால், எவரும் முறையிடுவதற்கு முன்னரே கணினித் திரையில் அது தெரியவரும். எத்தனை அலகு மின்சாரம் செலவாயிற்று என்பதும் பதிவாகும்.

நோர்வேயின் ஒஸ்லோ நகரம் இத்துறையில் முன்னோடிகளுள் ஒன்று. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 2009ஆம் ஆண்டு தொடங்கி நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 1,40,000 விளக்குகளை எல்.ஈ.டி. விளக்குகளாக மாற்றி, அவற்றுக்கான மின்செலவை 60 வீதத்துக்கும் அதிகமாகக் குறைத்தது. அண்டை நாடான இந்தியாவில், 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஹூட்ஹூட் புயலினால் சிதைந்த விசாகப்பட்டினத்தில் ஏறத்தாழ 90,000 எல்.ஈ.டி. விளக்குகள் பொருத்தப்பட்டு மையக் கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. 2015ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கப்பட்ட இந்தியத் தேசிய வீதி விளக்குத் திட்டத்தின் கீழ் ஒரு கோடிக்கும் அதிகமான விளக்குகள் மாற்றப்பட்டன. முதலீட்டை அரசுத்துறை நிறுவனமே செய்து, மின்சேமிப்பிலிருந்து உள்ளூராட்சி அமைப்புகள் அதனைத் தவணையில் திருப்பிச் செலுத்துவது அதன் ஏற்பாடு. எனினும் பல நகராட்சிகள் தவணையைச் செலுத்தத் தவறியமையால் நிலுவை மலையெனக் குவிந்தது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இந்த உதாரணங்களைக் கேட்டவுடன் அவற்றை அப்படியே இங்கு கொண்டுவந்து நட்டுவிடலாம் என எண்ணுவது பிழையாகும். எமது நிலைமையை எமது கணக்கிலேயே பார்க்க வேண்டும். ஒஸ்லோவில் கோடைகால இரவு சில மணித்தியாலங்களே. குளிர்காலத்திலோ பிற்பகல் நடுவிலேயே இருள் சூழ்ந்துவிடும். அங்கு விளக்கேற்றும் நேரம் நாளுக்கு நாள் மாறுகிறது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள குடாநாட்டிலோ ஆண்டு முழுவதும் இரவு ஏறக்குறைய 12 மணித்தியாலங்களே. எனவே விளக்கை நேரத்துக்கு ஏற்றி அணைப்பது மட்டுமே நோக்கமாயின், மலிவான நேரக்கருவியோ ஒளியுணர் கருவியோ அதற்குப் போதுமானது. 50 வாற் விளக்கொன்று பகலிலும் அணைக்கப்படாது விடப்பட்டால் ஆண்டொன்றுக்கு 219 அலகு மின்சாரம் வீணாகும். அத்தகைய ஆயிரம் விளக்குகளாயின் 2,19,000 அலகுகள். இந்த விரயத்தைத் தடுக்கக் கணினி நிலையம் எதுவும் வேண்டியதில்லை.

அவ்வாறாயின் தொலை முகாமையின் உண்மையான பயன் யாது? முதலாவது, பழுதை அறிதல். இரண்டாவது, கணக்கு. மின்மானி இல்லாத இடங்களில் விளக்குகளின் எண்ணிக்கையை வைத்துச் செய்யப்படும் மதிப்பீடே செலவுக் கணக்காகிறது. எரியாத விளக்குக்கும் கணக்கு, பகலில் எரியும் விளக்குக்கும் அதே கணக்கு. இதனால் கட்டணத்தை யார் ஏற்பது என்ற இழுபறிக்கு முடிவு கிடைப்பதில்லை. ஒவ்வொரு விளக்கின் செலவும் பதிவாகுமாயின் மின் விநியோகத்துக்குப் பொறுப்பானவர்களும் சபைகளும் ஒரே தாளை வைத்துப் பேசலாம். மூன்றாவது, நள்ளிரவின் பின்னரான ஒளிக்குறைப்பு. இரவு 11 மணி முதல் அதிகாலை 4 மணிவரை ஒளியைப் பாதியாக்கினால் மின்செலவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும்.

இந்த மூன்றாவது பயனில்தான் ஒரு சிக்கல் இருக்கிறது. மென்பொருளை விற்பவருக்கு அதிகாலை 4 மணிவரை ஊர் உறங்குகிறது. எமது ஊர் அவ்வாறு உறங்குவதில்லை. றமழான் மாதத்தில் சஹருக்காக எழுவோரால் ஐந்து சந்தியின் சுற்றுப்புறம் அதற்கு முன்னரே விழித்துவிடுகிறது. தராவீஹ் தொழுகை முடிந்து வீடு திரும்புவோரும் இரவு நெடுநேரம் வீதியில் இருப்பர். மார்கழியில் திருவெம்பாவைக்காகச் சங்கும் சேமக்கலமும் ஒலிக்கப் பெண்களும் பிள்ளைகளும் விடியுமுன்னே கோவிலுக்குச் செல்வர். நத்தார் நள்ளிரவுத் திருப்பலிக்குக் குருநகரும் பாசையூரும் திரண்டுவரும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் இரவு பகல் வேறுபாடு இல்லை. இவை தவிர, கடலுக்குச் செல்லும் தொழிலாளரும், திருநெல்வேலி, மருதனார்மடச் சந்தைகளுக்கு மரக்கறி கொண்டுவரும் விவசாயிகளும் விடியலுக்கு முன்னரே புறப்படுபவர்கள். ஆகவே எந்த வீதியில் எப்போது ஒளியைக் குறைப்பது என்பது ஊரவரைக் கேட்டு எழுதப்பட வேண்டிய அட்டவணை. வேறெங்கோ இருந்து அனுப்பப்படும் கட்டளையாக அது இருக்கக் கூடாது. நாட்காட்டிக்கு ஏற்ப அந்த அட்டவணையை மாற்றுவதற்குத் தொலை முகாமையே மிகச் சிறந்த கருவி என்பதும் உண்மை. ஆனால் மாற்றும் அதிகாரம் ஊரின் கையில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்பு.

இங்கு நம்பிக்கை பற்றியும் பேசியாக வேண்டும். 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ். மாநகர எல்லைக்குள் 'ஸ்மார்ட் லாம்ப் போல்' எனும் பெயரில் கம்பங்கள் நடப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். விளக்குக் கம்பம் என்ற பெயரில் ஐந்தாம் தலைமுறைத் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் குடியிருப்புகளின் நடுவே நடப்படுவதாக மக்கள் அஞ்சினர். மாநகர சபையின் முன்னால் ஆர்ப்பாட்டம் நடத்தினர். அவை 5ஜி கோபுரங்கள் அல்லவென அப்போதைய மேயர் இமானுவேல் ஆனல்ட் விளக்கமளித்தும் சந்தேகம் தணியவில்லை. சர்வதேச வரம்புகளுக்கு உட்பட்ட தொலைத்தொடர்பு அலைகளால் உடல்நலத்துக்குத் தீங்கு நேர்வதாக அறிவியல் நிறுவவில்லை. அந்த வகையில் மக்களின் அச்சம் மிகையானதே. ஆயினும் அவர்கள் எழுப்பிய கேள்வி மிகையானதன்று. கம்பம் எதற்கு, அதில் என்னென்ன பொருத்தப்படும், உடன்படிக்கை எங்கே என்பதே அக்கேள்வி. அதே ஆண்டு ஏப்ரலில்தான், சுன்னாகத்தில் கழிவு எண்ணெயினால் நிலத்தடி நீர் மாசடைந்தமைக்காகத் தனியார் மின்உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா இழப்பீடு வழங்க வேண்டுமென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. மின்சாரத்தின் பெயரால் கிணற்றை இழந்த ஊர், புதிய கம்பத்தைச் சந்தேகத்துடன் பார்ப்பதில் வியப்பென்ன?

அமெரிக்காவின் சன்டியாகோ நகரத்தில் நடந்தது இக்கேள்வியின் நியாயத்தை உறுதிப்படுத்துகிறது. 2016ஆம் ஆண்டு, மின்சேமிப்புக்கும் போக்குவரத்துக் கணிப்புக்குமென நகர சபை அனுமதித்த விளக்குகளில் கமராக்களும் இருந்தன. அவற்றின் பதிவுகளைப் பொலிஸார் பயன்படுத்தி வருவது பொதுமக்களுக்குப் பின்னரே தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்ததால் 2020ஆம் ஆண்டு செப்டெம்பரில் அக்கமராக்களை நிறுத்துமாறு மேயர் பணிக்க நேர்ந்தது. சோதனைச் சாவடிகளிலும் சுற்றிவளைப்புகளிலும் முகத்தில் வெளிச்சம் பாய்ச்சப்பட்ட அனுபவம் எம்மவர்க்கு உண்டு. உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிந்திய மாதங்களில் கண்காணிப்பின் கனத்தை முஸ்லிம் சமூகம் தனியாகச் சுமந்தது. இவ்விரு சமூகங்களுக்கும் விளக்கு வேறு, கண்காணிப்பு வேறு என்பதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதேவேளை இருளின் விலையையும் இவர்கள் அறிவார்கள். 2011ஆம் ஆண்டு ஓகஸ்டில் 'கிறீஸ் பூதம்' பற்றிய பீதி கிழக்கின் முஸ்லிம் கிராமங்களையும் இங்கே நாவாந்துறையையும் ஒருங்கே உலுக்கியது. இருண்ட ஒழுங்கைகளில்தான் அத்தகைய அச்சம் எளிதில் வளர்கிறது. ஆகவே விளக்கு வேண்டாம் என்பது விடையாகாது.

இயந்திரத்தின் மீதான மிதமிஞ்சிய நம்பிக்கையும் ஆபத்தானது. அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் பாடசாலையொன்றின் ஏறத்தாழ 7,000 விளக்குகளைக் கட்டுப்படுத்திய மென்பொருள் 2021ஆம் ஆண்டு ஓகஸ்டில் செயலிழந்தது. அதனைத் திருத்த ஓராண்டுக்கும் மேலாயிற்று. அதுவரை விளக்குகள் இரவும் பகலும் எரிந்துகொண்டேயிருந்தன. சேமிப்புக்காகப் பொருத்தப்பட்ட கருவியே விரயத்தின் கருவியாயிற்று. கையால் இயக்கும் ஆளி ஒன்றை ஒவ்வொரு வரிசைக்கும் விட்டுவைக்காத திட்டம் எதனையும் ஏற்கலாகாது என்பதற்கு இதுவே போதிய பாடம்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் ஒரு மாநகர சபை, மூன்று நகர சபைகள், 13 பிரதேச சபைகள் என 17 உள்ளூராட்சி மன்றங்கள் உள்ளன. 2023ஆம் ஆண்டு மார்ச்சில் கலைந்த இச்சபைகள், 2025ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடைபெற்ற தேர்தலின் பின்னரே மீண்டும் மக்கள் பிரதிநிதிகளிடம் வந்தன. கம்பம் ஒருவருடையது, விளக்கு இன்னொருவருடையது, வீதி வேறொருவருடையது என்ற நிலையில், பொறுப்பைத் தட்டிக்கழிப்பது எல்லோருக்கும் எளிது. இதற்கு மேலாக, புலம்பெயர் உறவுகளின் நன்கொடையாலும் அரசியல்வாதிகளின் நிதி ஒதுக்கீட்டாலும் பொருத்தப்பட்டு, திறப்பு விழாவுடன் கைவிடப்பட்ட விளக்குகளும் உள்ளன. 17 சபைகளும் 17 நிறுவனங்களிடம் 17 மென்பொருள்களை வாங்குமாயின் அது புதியதொரு குழப்பமாகவே முடியும்.

எனவே படிப்படியாகச் செல்வதே உசிதம். முதலில் கம்பங்களுக்கு இலக்கமிட்டு, எங்கே விளக்கு உண்டு, எங்கே இல்லை என்ற கணக்கெடுப்பை ஒவ்வொரு சபையும் செய்யட்டும். அடுத்து நேரக்கருவியும் மின்மானியும். அதன் பின்னரே, சபைகள் ஒன்றிணைந்து கோரும் பொதுக் கேள்விப்பத்திரத்தின் மூலம், போதனா வைத்தியசாலைச் சூழல், பேருந்து நிலையங்கள், பிரதான வீதிகள் ஆகியவற்றில் தொலை முகாமை முறையைத் தொடங்கலாம். உடன்படிக்கையில் நான்கு நிபந்தனைகள் தவறாது இடம்பெற வேண்டும். ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொரு நிறுவனத்தின் மென்பொருளுடன் இயங்கக் கூடியதாக இருத்தல். தரவு சபைக்கே சொந்தமாதல். சபையின் பகிரங்கத் தீர்மானம் இன்றிக் கமராவோ தொலைத்தொடர்புச் சாதனமோ கம்பத்தில் ஏறாதிருத்தல். பராமரிப்புச் செலவு முன்கூட்டியே ஒதுக்கப்படல். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கும் நாட்டில், உடன்படிக்கையை மக்கள் கேட்டுப் பெறும்வரை காத்திராது சபைகளே அதனை வெளியிடுவது கௌரவமானது.

எத்தனை விளக்குகள் பழுதடைந்தன, எத்தனை நாட்களில் திருத்தப்பட்டன என்ற பட்டியல் மாதந்தோறும் சபை வாயிலில் ஒட்டப்படுமாயின், அதுவே இத்திட்டத்தின் முதற்பயன். அதற்குக் கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனாவும் கொண்டு இம்மாதமே தொடங்கலாம். அதனைச் செய்யாத சபை, எவ்வளவு விலையுயர்ந்த மென்பொருளை வாங்கினாலும் இருண்ட ஒழுங்கையில் வீடு திரும்பும் பிள்ளைக்கு வெளிச்சம் கிடைக்கப்போவதில்லை. சோலை வரி செலுத்தும் மக்கள் தத்தம் சபை உறுப்பினரிடம் அடுத்த அமர்வுக்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே.