சாவி யார் கையில்?

2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம். கொரோனாக் காலமாதலால் வைத்தியரை நேரில் காண்பது கடினமாக இருந்த நாட்கள். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு தந்தை, தன் சின்ன மகனுக்கு மறைவிடத்தில் வீக்கமும் வலியும் இருப்பதைக் கண்டார். காணொளி மூலம் வைத்தியரைச் சந்திக்க நேரம் கிடைத்தது. அதற்கு முன் வீக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்படி தாதி சொன்னார். எடுத்து அனுப்பினார்கள். வைத்தியர் பார்த்து மருந்து எழுதினார், பிள்ளைக்கும் சுகமாயிற்று. ஆனால் அதே படங்கள் கைத்தொலைபேசியிலிருந்து கூகிள் சேமிப்புக்கும் தாமாகவே போய்ச் சேர்ந்திருந்தன. இரண்டு நாட்களில் அவருடைய கணக்கு முடக்கப்பட்டது. சிறுவர் துஷ்பிரயோகப் படம் என்று இயந்திரம் குறித்துவிட்டது.

அந்த ஒரு கணக்கோடு என்னென்ன போயிற்று என்று பாருங்கள். மின்னஞ்சல்கள், நண்பர்களின் இலக்கங்கள், மகனின் முதல் வருடங்களின் படங்கள், தொலைபேசி இணைப்பையும் கூகிளிடமே பெற்றிருந்ததால் அதுவும். நடந்ததை விளக்கி மேன்முறையீடு செய்தார், மறுத்துவிட்டார்கள். பொலிஸார் விசாரணை நடத்தினார்கள். அவரைத் தொடர்புகொள்ளத் தொலைபேசியும் இல்லை, மின்னஞ்சலும் இல்லை என்பதால் தபாலில்தான் அவருக்குச் செய்தி வந்தது. குற்றம் எதுவும் நடக்கவில்லை என்று பொலிஸ் கோவையை மூடியது. அதன் பிறகும் கூகிள் கணக்கைத் திருப்பித் தரவில்லை. 2022 ஓகஸ்டில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை இதை வெளியிட்டபோதும் நிறுவனம் தன் முடிவிலேயே நின்றது.

இதை வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மீது கோபப்படுவது என்று யோசித்தால்தான் சிக்கல். பிள்ளைகளைச் சீரழிக்கும் படங்களைத் தேடிப் பிடிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சில்லை. 2009இல் மைக்ரோசொஃப்ட் நிறுவனமும் பேராசிரியர் ஹனி ஃபரீதும் சேர்ந்து உருவாக்கிய ஃபோட்டோ டிஎன்ஏ என்ற முறை அதற்காகவே வந்தது. அது கைரேகை பார்ப்பது போன்றது. முன்னரே குற்றமென்று உறுதியான ஒரு படத்தின் ரேகையோடு நமது படத்தின் ரேகை பொருந்துகிறதா என்று மட்டும் ஒப்பிடும். தவறுக்கு இடம் குறைவு. 2018இல் கூகிள் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுக் கருவியோ வேறு வகை. எவரும் முன்பு கண்டிராத படத்தையும் பார்த்து, இது அப்படிப்பட்டதாக இருக்கலாம் என்று ஊகிக்கிறது. அந்தத் தந்தை எடுத்தது அன்றைக்குத்தான் எடுத்த புதிய படம். ஆகவே அவர் அகப்பட்டது ஊகத்தில். இயந்திரத்துக்கு உடம்பு தெரிகிறது, நோய் தெரிவதில்லை.

"இயந்திரம்தானே பார்க்கிறது, மனிதர் பார்ப்பதில்லையே" என்று சில தோழியர் என்னிடம் சொன்னார்கள். இயந்திரம் குறித்துக் கொடுத்த பிறகு பார்ப்பவர் மனிதர்தான். அந்தக் குடும்பத்தின் விடயத்தில், வீட்டுக்குள் எடுத்த மிகவும் தனிப்பட்ட ஒரு காணொளியையும் நிறுவனத்தின் பரிசீலனைக் குழு பார்த்துக் குறித்து வைத்திருந்தது. மருத்துவத்துக்கு எடுத்த படத்திலே தொடங்கிய தேடல் அங்கே போய் நின்றது.

முகில் என்று நாம் பெயர் சொன்னாலும் அது வானத்தில் இல்லை. எங்கோ ஒரு நாட்டில், ஏதோவொரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிறது. கடவுச்சொல் போட்டிருக்கிறோமே என்கிறோம். வெளியாள் ஒருவர் நுழையாமல் அந்தக் கடவுச்சொல் தடுக்கும். கட்டடத்தின் சொந்தக்காரரைத் தடுக்காது. கோப்புகளைக் குறியாக்கம் செய்து பூட்டித்தான் வைக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தப் பூட்டின் சாவியும் அவர்களிடமே இருக்கிறது. சந்தேகமிருந்தால் கூகிள் ஃபோட்டோஸில் குடை இருக்கும் படங்களைத் தேடச் சொல்லிப் பாருங்கள். பாடசாலைச் சுற்றுலாவில் மழையில் நனைந்த படமெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். நாம் எந்தப் படத்திலும் குடை என்று எழுதி வைக்கவில்லை. படத்தைப் பார்க்காமல் அதற்கு எப்படித் தெரியும்?

நம் ஊர்களில் ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் நகையையும் காணி உறுதியையும் நம்பிக்கையான ஒருவரிடம் அமானிதமாகக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொண்டவர் அந்தப் பொதியை அவிழ்த்துப் பார்ப்பதில்லை. நாமும் அந்த எண்ணத்தோடுதான் படங்களை முகிலுக்கு அனுப்புகிறோம். நிறுவனம் அந்த எண்ணத்தோடு வாங்கவில்லை. வாசிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று நாம் தொட்ட அந்த நீண்ட நிபந்தனைகளுக்குள், அவிழ்த்துப் பார்க்கும் அனுமதி ஏற்கனவே இருக்கிறது. அவர்களை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல முடியாது. அவர்கள் அமானிதம் என்று சொல்லவேயில்லை, நாமாக அப்படி எண்ணிக்கொண்டோம்.

பெற்றோரில் பலருடைய வாதம் வேறு. "நாங்கள் என்ன களவா செய்கிறோம், பார்த்தால் பார்க்கட்டுமே." ஒரு வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லிக் காத்திருக்கிறோம். மூன்று தடவை சொல்லியும் பதில் இல்லையென்றால் திரும்பிவிடுகிறோம். அந்த வீட்டுக்குள் களவு நடக்கிறது என்று நினைத்தா நிற்கிறோம்? வீட்டுக்கு வெட்கம் உண்டு, அதனால் நிற்கிறோம். அந்த வெட்கத்துக்கு வெளிநாட்டு நிறுவனத்தின் நிபந்தனைப் பத்திரத்தில் இடமில்லை.

அந்த வெட்கத்தை நாமே எப்படிக் கையாளுகிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம் ஆண் படப்பிடிப்பாளரை விடமாட்டோம். பெண் ஒருவரைத் தேடிப் பிடித்து, கூடுதல் காசு கொடுத்துப் படமெடுப்போம். ஒரு வாரம் கழித்து அத்தனை படங்களும் ஒரே இணைப்பாகக் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கு வரும். இணைப்பு வைத்திருக்கும் எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் அந்தக் கோப்புறை இருக்கும். குழுவிலிருந்து குழுவுக்கு அது போகும் தூரத்தை யாரும் கணக்கெடுப்பதில்லை. வாப்பா கட்டாரில் இருந்தால், பிள்ளைக்குக் கரப்பான் போட்டது முதல் பல் விழுந்தது வரை உம்மா படமெடுத்து அனுப்புவார். வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது இருவருக்கு மட்டும் விளங்கும்படி பூட்டப்பட்டுத்தான் போகிறது. ஆனால் இரவில் கூகிள் கணக்குக்குப் போகும் காப்புப்பிரதி, நாம் தனியாகத் தெரிவு செய்தாலொழிய, அப்படிப் பூட்டப்படுவதில்லை. அந்தத் தெரிவு 2021 முதல் இருக்கிறது. நான் கேட்ட தாய்மாரில் ஒருவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை.

இன்னொரு விடயம், கூகிளை விடக் கிட்டத்தில் இருப்பது. எத்தனை உம்மாமார் தங்கள் மின்னஞ்சல் கணக்கைத் தாங்களே உருவாக்கினார்கள்? புதிய கைத்தொலைபேசி வாங்கிய கடையில் நின்ற தம்பி உருவாக்கிக் கொடுத்தான். கடவுச்சொல்லையும் அவனே போட்டு ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தான். படங்களைக் காப்புப்பிரதி எடுக்கவா என்று தொலைபேசி கேட்டபோது 'ஆம்' என்று தொட்டதும் அவன்தான். நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நம் வீட்டு அலுமாரிச் சாவியை அவனிடம் கொடுத்து வைப்போமா?

நிறுவனத்திடம் சாவி இல்லாமலே சேமிப்பை நடத்த முடியாதா என்றால், முடியும். அப்பிள் நிறுவனம் 2021 ஓகஸ்டில் பயனரின் தொலைபேசியிலேயே படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் திட்டமொன்றை அறிவித்தது. எதிர்ப்புப் பலமாக எழுந்தது. 2022 டிசெம்பரில் அதைக் கைவிட்டது. அதே மாதத்தில், ஐகிளவுட்டில் உள்ள பெரும்பாலான கோப்புகளின் சாவியைப் பயனரே வைத்திருக்கும் வசதியை அறிமுகப்படுத்தியது. ஆனால் 2025 பெப்ரவரியில், அரசாங்கத்தின் நெருக்குதலுக்குப் பின் பிரித்தானியாவில் அந்த வசதியை விலக்கிக்கொண்டது. ஒரு நாட்டில் கிடைக்கும் பூட்டு மறு நாட்டில் கிடைப்பதில்லை.

சாவி நம் கையில் இருப்பதற்கும் ஒரு விலை இருக்கிறது. அதைத் தொலைத்தால் படங்களும் தொலைந்தன. மீட்டுத் தர எவருமில்லை. ஆகவே எல்லாவற்றையும் பூட்டுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். உயர்தரக் குறிப்புகளும் செயற்றிட்டங்களும் முகிலில் இருக்கட்டும், அதற்குத்தான் அது நல்லது. பிள்ளையின் உடம்பு, உம்மாவின் தலைமுடி, வைத்திய அறிக்கை, இவை வன்தட்டு ஒன்றில் அலுமாரிக்குள் இருக்கட்டும் என்பதே என் கட்சி.

ஆனால் எல்லாப் பாரத்தையும் உம்மாமார் தலையிலே வைப்பதும் நியாயமில்லை. நமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இலங்கையில் உள்ளவர்களுக்குச் சேவை வழங்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் அது கருத்திற்கொள்கிறது. இயந்திரம் மட்டும் எடுத்த ஒரு முடிவை மீளாய்வு செய்யுமாறு கேட்கும் உரிமையும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த உரிமைகள் நடைமுறைக்கு வரவிருந்த திகதி 2025இல் பிற்போடப்பட்டது. மீளாய்வு என்றால் மனிதர் ஒருவர் பார்த்து 'இல்லை' என்று சொல்வதோடு முடியக்கூடாது. காரணத்தைச் சொல்ல வேண்டும். குற்றமில்லை என்று பொலிஸே சொன்ன பிறகு கணக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பெற்றோர் சங்கங்கள் நீர்க் கட்டணத்துக்கும் வீதி வெளிச்சத்துக்கும் மனு எழுதுகின்றன, இதற்கும் ஒரு மனு எழுதலாம்.

அதுவரை, இந்த விடுமுறையில் உம்மாவின் கைத்தொலைபேசியை வாங்கி இரண்டு விடயங்களைப் பாருங்கள். படங்கள் எந்தக் கணக்குக்குப் போகின்றன? அந்தக் கணக்கு வேறு எந்தெந்தத் தொலைபேசிகளில் திறந்திருக்கிறது? கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் அந்தப் பட்டியல் இருக்கும். எங்கள் வீட்டில் பார்த்தபோது உம்மாவின் கணக்கு, நானாவின் பழைய தொலைபேசியிலும் திறந்தே இருந்தது. அந்தத் தொலைபேசியை மாமியின் மகனுக்குக் கொடுத்து ஒரு வருடமாகிறது.