முகமறியா நட்பு

நட்பு என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் யாவர்? ஒரே தெருவில் ஆடி வளர்ந்தவர், ஒரே பலகையில் அமர்ந்து படித்தவர், ஒரே பந்தியில் இருந்து உண்டவர். கண்டு பழகியவரையே நண்பர் என்று கூறுதல் உலக வழக்கு. காணாதவரும் நண்பர் ஆகலாம் என்று சொன்னால், அது புலவர்க்கும் வேந்தர்க்கும் உரிய செய்தி என்று ஒதுக்கிவிடுவர் சிலர். அவர்கள் நினைவில் இருப்போர் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் ஆவர். சோழன் உறையூரில் இருந்தான். புலவரோ பாண்டிநாட்டில் இருந்தார். ஒருவரை ஒருவர் கண்டதில்லை. எனினும், வடக்கிருந்த வேந்தன் தன் நண்பர் தவறாது வருவார் என்று நம்பி அவருக்கு இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்து சேர்ந்தார். இதனைப் படிக்கும்போது வியக்கிறோம். வியந்தபின் நூலை மூடிவிடுகிறோம்.

அத்தகைய நட்பு அரண்மனைக்கும் புலவர் அவைக்கும் மட்டும் உரியதன்று என்பது என் கருத்து. கொழுந்து பறிக்கும் பெண்ணும், பேருந்து ஓட்டுநரும், தேநீர்க் கடைக்காரரும், பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் முகமறியா நண்பராய் வாழ்தல் கூடும். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கோவை மாவட்டத்து ஆனைமலையே போதும்.

பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளைக் கடந்து ஆழியாற்று அணையருகே சென்றால், அங்கே மலைப்பாதை தொடங்குகிறது. 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அப்பாதை வால்பாறைக்கு ஏறுகிறது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,500 அடி உயரத்தில் அமைந்த மேட்டுநிலம் அது. பரப்பு ஏறக்குறைய 220 சதுர கிலோமீட்டர். பச்சைக் கம்பளம் விரித்தாற்போன்ற தேயிலைத் தோட்டங்கள் கண்ணைக் கவரும். ஆனால் அப்பசுமையைக் கண்டு மயங்குவோர், அது பழைய பசுமை அன்று என்பதை மறந்துவிடுகின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோட்டங்கள் தோன்றுமுன் அங்கே மழைக்காடு நின்றது. காடு அழிந்தபோது அதன் துண்டுகள் சிலவே, கடலில் தீவுகள்போல், தேயிலைக்கு நடுவே எஞ்சின. மேட்டுநிலத்தைச் சூழ்ந்து ஆனைமலைப் புலிகள் காப்பகமும் கேரள நாட்டுக் காடுகளும் இன்றும் நிற்கின்றன. ஒரு காட்டிலிருந்து மற்றொரு காட்டிற்குச் செல்லும் யானை, தன் முன்னோர் நடந்த வழியிலேயே நடக்கிறது. அந்த வழியில் இப்போது தேயிலையும், சாலையும், தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளும் இருக்கின்றன. யானையின் பெயரையே தாங்கிய மலையில் யானையை அயலான் என்று சொல்வது எவ்வாறு பொருந்தும்?

பகற்பொழுதில் யானைகள் சோலைத் துண்டுகளிலும் நடுவாற்றின் கரையிலுள்ள மரச்செறிவிலும் ஒதுங்கி நிற்கும். இருள் சூழ்ந்தபின் வெளியே வரும். அந்நேரத்தில்தான் தொழிலாளர் பலர் கடைத்தெருவிலிருந்து வீடு திரும்புவர். வால்பாறையின் மூடுபனியை அறியாதவர்க்கு அதன் தன்மையை விளக்குதல் அரிது. பத்தடிக்கு அப்பால் நிற்பது பாறையா, மரமா, யானையா என்று தெரியாது. யானையோ தன் பேருடலைச் சுமந்தும் ஓசையின்றி நடக்க வல்லது. கையில் அரிசிப் பையுடன் வளைவில் திரும்பும் ஒருவர் திடீரென்று அதன் முன் நிற்க நேர்ந்தால் இருவருக்குமே அச்சம் உண்டாகிறது. அச்சமுற்ற மனிதன் ஓடுகிறான். அச்சமுற்ற யானை தாக்குகிறது.

யானையிடம் மக்கள் பட்ட துன்பத்தை ஆராய்ந்தவர் ஒருவர் உண்டு. மைசூரைத் தலைமையிடமாகக் கொண்ட இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஆனந்தகுமார் 2002ஆம் ஆண்டு முதல் வால்பாறை யானைகளின் நடமாட்டத்தைத் தொடர்ந்து கவனித்து வந்தார். உயிரிழந்தோருள் பெரும்பாலோர் யானையை எதிர்க்கச் சென்றவர் அல்லர். அருகில் யானை இருப்பதை அறியாமல் நடந்தவர் என்பது அவர் கண்ட உண்மை. ஆகவே குறை வலிமையில் இல்லை, வேலியில் இல்லை, செய்தியில் இருந்தது. யாரோ ஒருவர் அந்த யானையை முன்னரே பார்த்திருந்தார். அவர் அறிந்தது அடுத்தவர்க்கு எட்டவில்லை.

அதனை எட்டச் செய்யும் வழிகள் ஒவ்வொன்றாய் அமைந்தன. முதலில் யானை நிற்கும் இடத்தை உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் மாலைதோறும் எழுத்தாக ஓடவிட்டனர். 2011ஆம் ஆண்டு முதல் கைப்பேசிகளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தி அனுப்பினர். இன்ன தோட்டத்தில், இன்ன இடத்தில் யானை நிற்கிறது என்று அப்பகுதியில் வாழ்வோர்க்கு அறிவிப்புச் சென்றது. யானை அடிக்கடி கடக்கும் இடங்களில் உயர்ந்த கம்பங்களில் சிவப்பு விளக்குகளையும் நிறுவினர். தொலைபேசி வழியாகவே ஏற்றவும் அணைக்கவும் கூடிய அவ்விளக்குகளை இயக்கும் பொறுப்பு ஊர் மக்களிடமே ஒப்படைக்கப்பட்டது. வனத்துறையும் தோட்ட நிருவாகங்களும் துணை நின்றன. அதன்பின் யானையால் நேரும் இறப்புகள் குறைந்தன. முற்றிலும் ஒழிந்தன என்று கூறுதல் பொய்யாகும், குறைந்தன. இம்முயற்சிக்காக ஆனந்தகுமாருக்கு 2015ஆம் ஆண்டு இலண்டனில் விட்லி விருது வழங்கப்பட்டது.

விருதைக் காட்டிலும் நான் பெரிதாகக் கருதுவது வேறொன்று. இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி எது? கம்பியோ, மின்கலமோ, செய்தி அனுப்பும் பொறியோ அன்று. முதலில் பார்த்தவர் சொல்ல வேண்டும் என்பதே உயிர்நாடி. யானை ஒருவர் வீட்டு வாயிலைக் கடந்து அப்பால் சென்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இடர் நீங்கிவிட்டது. கதவைத் தாழிட்டு உறங்கலாம். ஆயினும் அவர் கைப்பேசியை எடுத்து, யானை எந்தப் பக்கம் சென்றது என்று அறிவிக்கிறார். அதனால் அவருக்கு வரும் பயன் என்ன? ஒன்றுமில்லை. பயன் பெறுபவர் இரண்டு குன்றுகளுக்கு அப்பால், அவர் பெயரும் அறியாத ஒருவர். அவர் நன்றி கூறவும் போவதில்லை. தாம் காப்பாற்றப்பட்டதையே அவர் அறிய மாட்டார். நேராத தீங்கை யார் எண்ணிப் பார்ப்பார்?

இதனை நட்பு என்னலாமா, வெறும் தன்னலப் பரிமாற்றம் என்னலாமா என்று என்னோடு வாதிட்ட அன்பர் ஒருவர் உண்டு. "இன்று நான் சொன்னால் நாளை அவன் சொல்வான் என்ற கணக்குத்தானே?" என்றார் அவர். கணக்கு இல்லை என்று நான் மறுக்கவில்லை. நம் கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் ஒத்தாசை என்று சொல்லப்படும் உதவியிலும், மணவீட்டு மொய்யிலும் கணக்கு உண்டு. மொய் எழுதும் நோட்டு ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஆனால் யானைச் செய்திக்கு நோட்டு இல்லை. யார் யாருக்கு எத்தனை முறை கடன்பட்டார் என்று எழுதி வைப்பார் இல்லை. கணக்கு வைக்க முடியாத இடத்தில் கொடுக்கப்படும் உதவியை வேறு எந்தப் பெயரால் அழைப்பது? ஆடை நெகிழும்போது விரைந்து உதவும் கையை வள்ளுவர் நட்புக்கு உவமையாக்கினார். அந்தக் கை சிந்தித்துக் கணக்கிட்டு நீள்வதில்லை.

இவ்வழக்கம் புதியதும் அன்று. பழங்குறிஞ்சி நிலத்தில் தினைப்புனம் காத்தவர் பரண்மேல் இருந்து குரல் கொடுத்தனர்; தட்டையை ஒலித்தனர்; தீப்பந்தம் ஏந்தினர். ஒரு பரணில் எழுந்த ஓசை அடுத்த பரணில் இருப்பவரை விழிக்கச் செய்தது. கருவி மாறியிருக்கிறது, குரல் அதுவே. யானைகளும் இம்முறையை அறிந்தவை. அமெரிக்க நாட்டுப் போர்ட்லண்டு நகர விலங்குக் காட்சிச்சாலையில் 1984ஆம் ஆண்டு கேட்டி பெய்ன் என்னும் அம்மையார் ஆசிய யானைகளின் அருகே நின்றபோது, காற்றில் ஏதோ அதிர்வதை உணர்ந்தார். மனிதச் செவிக்கு எட்டாத தாழ்ந்த ஒலியால் யானைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்பது அவ்வாறு வெளிப்பட்டது. அவ்வொலி காட்டினூடே பல கிலோமீட்டர் செல்லக்கூடியது. சோலையில் மறைந்து நிற்கும் கூட்டம் தொலைவிலுள்ள தன் இனத்தோடு தொடர்பு கொள்ளும்போது, அதே குன்றின் மறுபுறத்தில் மனிதரும் ஒருவர்க்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கின்றனர்!

இத்தகைய நட்புக்கு ஊறு செய்யும் குற்றங்கள் உண்டு. முதலாவது பொய். புலி வருகிறது என்று விளையாட்டாய்க் கூவிய சிறுவன் கதையை அறியாதார் இலர். வேடிக்கைக்காக ஒருவன் ஒருமுறை விளக்கை ஏற்றினால், அன்று ஒரு தீங்கும் நேராதிருக்கலாம். ஆனால் அடுத்த முறை உண்மையாகவே விளக்கு எரியும்போது, வழிநடப்பவர் அதனை மதியாது செல்வார். பொய் சொன்னவன் அவ்விடத்தில் இரான். விலையை வேறொருவர் கொடுப்பார்.

அதனினும் கொடிது என்று நான் எண்ணுவது, செய்தியைத் தவறாகப் பயன்படுத்துவது. யானை இங்கே நிற்கிறது என்ற சொல், விலகிச் செல்க என்பதற்காகச் சொல்லப்பட்டது. அதனைக் கேட்டு, படம் எடுக்கவும் கூச்சலிட்டு விரட்டவும் ஓடிவருவோர் இருக்கின்றனர். சுற்றுலாவுக்கு வருவோரில் சிலர் வண்டியை நிறுத்திக் கல்லெறிவதையும் மலைவாழ் மக்கள் மனம் நொந்து கூறுவர். கூட்டத்தால் சூழப்பட்டுக் கன்றோடு தவிக்கும் யானை, பிறகு ஒன்றும் அறியாத ஏழை ஒருவர் எதிரே வரும்போது சீற்றம் காட்டினால், குற்றம் யாருடையது? நண்பர் என்று நம்பி உரைத்த சொல்லைப் பகைவனைப்போல் பயன்படுத்தியவருடையதே.

மற்றொரு குறையையும் மறைக்காமல் கூற வேண்டும். வால்பாறைத் தோட்டங்களில் இன்று வேலை செய்வோர் எல்லாரும் தமிழர் அல்லர். தோட்டத்தில் பிறந்த இளைஞர் பலர் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைப்புத் தேடி இறங்கிவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற இடத்தில் அசாமிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்தோர் கொழுந்து பறிக்கின்றனர். தமிழில் எழுதிய செய்தியை அவர்களுள் பலர் படிக்க இயலாது, ஆங்கிலமும் அறியார். காட்டின் வழிகளும் அவர்களுக்குப் புதியவை. அறியாமல் நடப்பவரே யானையின் எதிரில் அகப்படுகின்றனர் என்று முன்னே கண்டோம். அங்ஙனமாயின், இன்று பெரும் இடரில் இருப்பவர் அவரல்லரோ? செய்தி தம் கைப்பேசிக்கு வந்தவுடன் தம் கடமை முடிந்ததாக எண்ணாமல், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, சைகையாலேனும் உணர்த்தும் தமிழரே அந்த வட்டத்தின் உண்மையான உறுப்பினர். பிழைப்பின் பொருட்டு இலங்கைக்கும் மலாய் நாட்டுக்கும் சென்று, மொழி அறியாத மண்ணில் தேயிலையும் இரப்பரும் வளர்த்தவர் வழிவந்தோர் நம்மிடையே எத்தனை பேர்! அவர்கள் கதவை அந்நாளில் யாரேனும் தட்டியிருப்பரோ என்று நான் சில வேளைகளில் நினைப்பதுண்டு.

இதனால்தான் குறுஞ்செய்தியைக் காட்டிலும் அந்தச் சிவப்பு விளக்கின்மீது எனக்கு மதிப்பு மிகுதி. அதனைப் படிக்க எழுத்து வேண்டா. அசாமியர்க்கும் தமிழர்க்கும் அது ஒரே பொருளைத் தருகிறது. கைப்பேசி இல்லாத மூதாட்டிக்கும், அதில் பணம் தீர்ந்துபோன தொழிலாளிக்கும் அது தெரியும். கடைசிப் பேருந்திலிருந்து இறங்குவோர் பனியினூடே அச்செவ்வொளியைக் கண்டதும் நின்றுவிடுகின்றனர். தனியே நடக்க இருந்தவர் இன்னும் நால்வருக்காகக் காத்திருக்கிறார். அல்லது தெரிந்த வீடொன்றில் தங்கிக்கொள்கிறார். விளக்கை ஏற்றியவர் யார் என்று அவர்களில் ஒருவரும் கேட்பதில்லை.

விளக்கை ஏற்றுவது எளிது. ஏற்றும் வேளையில் அச்சம் தூண்டும். யானை சென்றபின் நினைவாக அதனை அணைப்பதுதான் அரிது. அணைக்காமல் விட்ட விளக்கு மறுநாள் பொய் சொல்லத் தொடங்கிவிடும். ஆகவே விடியற்காலையில், சோலை ஓரத்தில் யானை இல்லை என்று உறுதி செய்துகொண்டபின், வேலைக்குப் புறப்படும் அவசரத்திலும் ஒருவர் கைப்பேசியை எடுத்து அவ்விளக்கை அணைக்க வேண்டியிருக்கிறது.