கரீபியன் கடலில் இரண்டு கப்பல்கள்

தோழர்களே! மண்டபத்தூர்க் கரையில் நின்று கடலைப் பாருங்கள். இந்தக் காரைக்கால் சீமையிலிருந்துதான் நம் முன்னோர் கரீபியன் தீவுகளுக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

1848-ல் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான கைகள் தேவைப்பட்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆள் பிடித்தார்கள். 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூலிகளை 1853-ல் மார்த்தினிக் தீவிலும், 1854-ல் குவாதலூப்பிலும் இறக்கியது. 1889-க்குள் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர்!

இன்று அதே கடலில் குடும்பம் குடும்பமாக உல்லாச யாத்திரை. வேளைக்கொரு விருந்து, நாளுக்கொரு தீவு. பெண்டு பிள்ளைகளோடு கடல் பார்ப்பது குற்றமா? இல்லை! விருந்து சமைப்பவன், எச்சில் தட்டு கழுவுபவன் கதி என்ன என்பதே நம் கேள்வி.

2024-ல் பயணம் தொடங்கிய 'ஐகான் ஆப் தி சீஸ்' கப்பலைப் பாருங்கள். கம்பெனியின் தலைமையகம் அமெரிக்காவின் மியாமியில், பதிவு லைபீரியாவில், கப்பலில் பறப்பதோ பஹாமாஸ் கொடி! ஏன் இத்தனை வேடம்? அமெரிக்க வரிக்கும் தொழிலாளர் சட்டத்துக்கும் டிமிக்கி கொடுக்கத்தான்!

2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை எட்டு மணி வேலையை ஏட்டில் ஏற்கிறது; ஆனால் நாளொன்றுக்கு 14 மணி வரை வேலை வாங்கவும் வழி விடுகிறது. இத்தகைய கப்பல்களில் உழைப்போரில் நம் நாட்டுப் பிள்ளைகளும் உண்டு.

அன்றைய கூலிக்கு இருந்த விலங்கு இன்று இல்லை. ஆனால் மலிவான கைகளைத் தேடும் லாபவெறி அதேதான்!

ஆலையில் போராடிப் பெற்ற எட்டு மணி வேலை கப்பலிலும் வேண்டும்! லாபம் சேரும் நாட்டின் சட்டமே கப்பலை ஆளவேண்டும்!