பொய் சொல்லாத கருவி, பொய்யான பதிவு

சேமிப்பில் கிடக்கும் செயல்திறன் பதிவுகளை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர் என்ன செய்கிறார்? வெற்றுக் கட்டங்களை நீக்குகிறார். நேரக்குறிப்புகள் வரிசை பிறழ்ந்துள்ளனவா என்று பார்க்கிறார். எல்லை மீறிய எண்களைக் களைகிறார். பின்னர் "தரவு சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இயலுக்குச் சென்றுவிடுகிறார். நெறியாளரும் ஒப்பமிடுகிறார். இம்மூன்று சோதனைகளிலும் குறையின்றித் தேறும் ஒரு பதிவு உண்மைக்கு நேர்மாறாக இருக்க முடியும் என்பதற்கான சான்று, ஹவுராவிலிருந்து சென்னைக்கு வரும் இருப்புப் பாதையிலேயே இருக்கிறது.

ஹவுராவின் ஷாலிமார் நிலையத்திலிருந்து 2023 ஜூன் 2 பிற்பகல் புறப்பட்ட கோரமண்டல் விரைவு ரயில், அன்று மாலை ஒடிசாவின் பஹாநகா பஜார் நிலையத்தில், மெயின் லைனுக்கான பச்சை விளக்கை ஏற்று மணிக்கு 128 கி.மீ. வேகத்தில் வந்து, லூப் லைனுக்குள் புகுந்து, அங்கு நின்ற சரக்கு ரயிலில் மோதியது. சிதறிய பெட்டிகள் எதிர்த்திசையில் ஹவுரா நோக்கிச் சென்றுகொண்டிருந்த பெங்களூரு ரயிலின் பின்பகுதியையும் தாக்கின. 290க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

விபத்திடத்தைக் கூட்டாகப் பார்வையிட்ட ஐந்து மேற்பார்வையாளர்களில் நால்வர், 17ஆம் எண் பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்ததாக எழுதினர். சமிக்ஞைத் துறையைச் சேர்ந்த ஐந்தாமவர் உடன்படவில்லை. டேட்டா லாகர் பதிவின்படி பாயிண்ட் மெயின் லைனுக்கே அமைந்திருந்தது, தடம்புரண்ட பிறகு அது திரும்பியிருக்கலாம் என்பது அவர் வாதம். அவர் பதிவைத் தவறாகப் படிக்கவில்லை. பதிவு அப்படித்தான் சொன்னது.

டேட்டா லாகர் தண்டவாளத்தைப் பார்ப்பதில்லை. பாயிண்ட் எந்தப் பக்கம் பொருந்தியிருக்கிறது என்பதை ஒரு மின்சுற்று உணர்கிறது. அச்சுற்று ஒரு ரிலேயை இயக்குகிறது. அந்த ரிலேயின் நிலைமாற்றத்தை நேரத்துடன் குறித்துவைப்பதே லாகரின் வேலை. இடையில் ஒரு பெட்டிக்குள் கம்பிகள் மாறிப்போனால், பாயிண்ட் எப்படிக் கிடந்தாலும் ரிலே "சரி" என்றே சொல்லும். நேரக்குறிப்பு பிசகாது, கட்டம் காலியாக இராது, மதிப்பும் எல்லைக்குள் இருக்கும். பச்சை விளக்குக்கு அனுமதி தரும் இண்டர்லாக்கிங் அமைப்பும் அதே சுற்றின் சொல்லையே நம்புகிறது. ஒரே வாய் சொன்னதை இரு காதுகள் கேட்டன; பிறகு அவ்விரண்டையும் இரு சாட்சிகளாக எண்ணுவது என்ன ஆய்வு முறை? ஏட்டுச் சுரைக்காய் என்பது வேறெதற்குப் பெயர்?

கம்பிகள் மாறியதை ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை நிறுவியது. நிலையத்தின் வடக்குச் சமிக்ஞைக் கூண்டில் முன்பு நடந்த சுற்று மாற்றத்திலும், 94ஆம் எண் லெவல் கிராசிங்கின் மின்தடுப்பை மாற்றும் பணியிலும் நேர்ந்த குறைபாடுகளே காரணம் என்று 2023 ஜூலை 21 அன்று மாநிலங்களவையில் ரயில்வே அமைச்சர் அளித்த எழுத்துப்பூர்வ பதில் கூறுகிறது. 94ஆம் கிராசிங்கின் பணிக்கு 79ஆம் கிராசிங்கின் சுற்று வரைபடம் பயன்பட்டது என்பது மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றச்சாட்டு. மூன்று ஊழியர்கள் கைதாயினர். குற்றத்தை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். மூவரைக் கைதுசெய்தால் பதிவுகள் தூய்மையடைந்துவிடா.

இதே ஆணையரின் அறிக்கை இன்னோர் ஊரையும் பெயர் சொல்கிறது: ஹவுரா மாவட்டத்தின் பாங்க்ரா நயாபாஜ். அங்கே 2022 மே 16 அன்று, தவறான கம்பியிணைப்பாலும் கேபிள் பழுதாலும், சமிக்ஞை காட்டிய பாதை ஒன்றாகவும் ரயில் சென்ற பாதை வேறாகவும் இருந்தன. உயிர்ச்சேதம் இல்லை, ஆகவே செய்தியும் இல்லை. அதன்பின் தவறான கம்பியிணைப்புகள் சீர்செய்யப்பட்டிருந்தால் பஹாநகா விபத்து நேர்ந்திராது என்கிறார் ஆணையர். கர்நாடகத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் 2023 பிப்ரவரி 8 அன்று இதையொத்த பிறழ்வை ஓட்டுநரே கண்டு ரயிலை நிறுத்தினார். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் முதன்மை இயக்க மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் எழுதினார்.

பதிவைச் சோதிக்கும் வழி ஒன்று உண்டு. ரயில் எந்தத் துண்டில் நிற்கிறது என்பதைத் தண்டவாளச் சுற்றுகள் தனியே உணர்கின்றன. பாயிண்ட் மெயின் லைனுக்கு என்று ஒரு வரி சொல்ல, அடுத்த நொடிகளில் லூப் லைனின் சுற்று நிரம்பினால், இரு வரிகளில் ஒன்று பொய். சேமித்த பதிவுகளில் இம்முரணைத் தேடுவது கடினமான கணக்கன்று. பஹாநகாவில் லூப் லைன் சரக்கு ரயிலால் முன்னரே நிரம்பியிருந்ததால் அன்றைய மாலையை இச்சோதனை காத்திராது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. அதனால்தான் கம்பியைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஒருவர் பாயிண்டின் அருகில் நின்று, திரையில் தெரிவதும் தரையில் கிடப்பதும் ஒன்றா என்று பார்த்தாக வேண்டும். அந்த மனிதக் கண்ணின் குறிப்பு பதிவோடு சேராதவரை, ரிலேயின் வரி சரிபார்க்கப்பட்ட தரவாகாது.

பல்கலைக்கழகங்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உண்டு. முன்கணிப்புப் பராமரிப்பு என்ற பெயரில் இத்தகைய பதிவுகளைக் கொண்டே மாதிரிகள் பயிற்றுவிக்கப்படுகின்றன. பஹாநகாவின் பாயிண்ட் 17 வழக்கத்துக்கு மாறாகப் பலமுறை நடந்துகொண்டதையும், நிலைய மேலாளர் அதைச் சமிக்ஞைப் பிரிவுக்குத் தெரிவித்திருந்தால் திருத்தியிருக்கலாம் என்பதையும் ஆணையரே குறிப்பிடுகிறார். அப்பிறழ்வுகளை "இரைச்சல்" என்று வடிகட்டி எறியும் மாணவருக்குத்தான் இன்று துல்லியத்துக்கான கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது.