மூன்றாம் நிலை என்றால் நடுத்தர ஆபத்து அல்ல

சுவிற்சர்லாந்தில் பாடசாலைப் பனி முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் எங்கள் பெற்றோர் பலர், பனிச்சறுக்கு மையத்தின் அறிக்கையில் பனியின் ஆழத்தை மட்டுமே பார்க்கிறார்கள். அந்த எண் சறுக்க முடியுமா என்பதைச் சொல்லும், ஆபத்தைச் சொல்லாது. பனி எப்போது பெய்தது, காற்று அதை எந்தச் சரிவில் குவித்தது, அடியில் பலவீனமான படை உண்டா என்பவைதான் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன.

இதை டாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்தில் தினமும் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் அறிவிக்கிறது. ஆபத்து அளவுகோலில் 5 நிலைகள். 3 என்றதும் 'நடுத்தரம்தானே' என்று தோன்றும். ஆனால் பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி 3ஆம் நிலை நாட்களில்தான் நிகழ்கின்றன. 4, 5 என்றால் ஆட்கள் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். சிக்குபவர்களில் பெரும்பாலானோர் மீது விழுவது, அவர்களோ கூடச் சென்றவர்களோ கிளப்பிவிட்ட பனிதான்.

குறியிட்ட பாதைகளுக்கு மேலுள்ள பனியை மையத்தின் பாதுகாப்பு அணி அதிகாலையில் வெடிவைத்து இறக்கும். (போரைக் கடந்து வந்த எனக்கு அந்தச் சத்தம் இன்னும் பழகவில்லை.) கயிற்றுக்கு அப்பால் அந்தக் காவல் கிடையாது. பதின்ம வயதுப் பிள்ளைகள் தாண்டுவதும் அந்தக் கயிற்றைத்தான். முகாமுக்கு முதல்நாள் மாலை, ஆழத்தை விட்டுவிட்டு அந்த நிலை எண்ணை அவர்களோடு சேர்ந்து வாசியுங்கள்.