எஸ்பிரஸோ மெஷினும் எட்டணா வாஷரும்

மக்களே, காபி பத்தி ஊருப்பட்ட பதிவு ஏற்கனவே இருக்கு. சிக்கரி சேக்கலாமா கூடாதா, டபரா பித்தளையா எவர்சில்வரா, டிகிரி காபின்னா என்ன... அந்தச் சண்டைக்குள்ள நான் தலையை விடப் போறதில்ல. இது காபி போடுற பொட்டி பத்தின பதிவு.

கொரோனாவுக்கு அப்புறம் என்னை மாதிரி பொட்டி தட்டுற ஆளுங்க கொஞ்சம் பேரு கடையநல்லூர்ல இருந்தே ஆணி புடுங்கிக்கிட்டு இருக்கோம். சென்னையிலயும் பெங்களூர்லயும் ஆபீஸ் மாடியில ஓசிக்குக் குடிச்சுப் பழகின நாக்கு, ஊருக்கு வந்தும் அதையே கேக்குது. அதனால எங்க பக்கத்து வீடுகள்லயும் இப்ப எஸ்பிரஸோ மெஷின் வந்து உக்காந்திருக்கு. வளைகுடாவுல இருந்து வர்றவங்க பொட்டியிலயும் வருது. வந்து எவ்வளவு நாள் ஓடுதுன்னுதான் கேள்வி. எனக்குத் தெரிஞ்ச மெஷின்கள்ல பாதி இப்போ பீரோ மேல இருக்கு.

"சீனாக்காரன் சாமான், அப்படித்தான் இருக்கும்"னு சொல்லி முடிச்சிடலாம். நான் அப்படி நினைக்கல. சரி, முதல்ல அது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்துருவோம், அப்பத்தான் எங்க சாகுதுன்னு புரியும்.

நம்ம ஊர்ல கல்யாண வீட்டுல, ரயில்வே ஸ்டேஷன்ல 'எக்ஸ்பிரஸோ காபி'ன்னு ஒண்ணு குடிச்சிருப்பீங்க. இன்ஸ்டன்ட் தூளும் பாலும் சீனியும் போட்டு, உஸ்ஸுனு நீராவி விட்டு நுரை கட்டிக் குடுப்பாங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா அதுக்கும் இத்தாலிக்காரன் சொல்ற எஸ்பிரஸோவுக்கும் பேர்ப் பொருத்தம் மட்டும்தான். நிஜ எஸ்பிரஸோன்னா, பொடியா அரைச்ச காபித்தூளை இறுக்கி வச்சு, 90 டிகிரிக்கு மேல சூடான தண்ணிய 9 பார் அழுத்தத்துல அதுக்குள்ள தள்ளணும். 1948-லதான் அகில்லே காஜியா கைப்பிடியை இழுத்து அந்த அழுத்தம் வர வைக்கிற மெஷினை விக்க ஆரம்பிச்சார். 1961-ல ஃபேமா கம்பெனியோட இ61 மெஷின் வந்து, கை செஞ்ச வேலையை மோட்டார் பம்பு கையில குடுத்துச்சு. நம்ம குக்கர் விசில் அடிக்கிறப்ப உள்ள இருக்கிற அழுத்தம் சுமார் 1 பார்தான். அதுல ஒன்பது மடங்குன்னு நினைச்சுப் பாருங்க.

வீட்டு மெஷின்ல அந்த ஒன்பது மடங்கைக் குடுக்கிறது உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு அதிர்வு பம்பு. ஒரு காந்தச் சுருள், உள்ள ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், ஒரு டயோடு, அவ்வளவுதான். கரண்டோட பாதி அலையில சுருள் பிஸ்டனை இழுக்கும், மீதிப் பாதியில ஸ்பிரிங் திருப்பித் தள்ளும். நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதனால செகண்டுக்கு 50 அடி. அந்த 'டர்ர்ர்' சத்தம் இதுதான். (டப்பா மேல '15 பார்', '20 பார்'னு பெருசா போட்டிருக்கிறது இந்தப் பம்பு முட்டி நிக்கிறப்ப குடுக்கக்கூடிய உச்ச அழுத்தம். காபிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. 9 போதும்.) வடிவமைப்பைப் பாத்தா கையெடுத்துக் கும்பிடலாம். இது சீக்கிரம் சாகுற ஜாதியும் இல்ல.

கொல்றது நம்ம தண்ணி.

கருப்பாநதித் தண்ணியோ, தாமிரபரணித் தண்ணியோ கிடைக்கிற வீடு கொடுத்து வச்சது. போர்த்தண்ணியை நம்பி இருக்கிற வீட்டுல கெய்சர் காயிலையும் வாளி ஹீட்டரையும் பாத்திருப்பீங்களே, வெள்ளையா ஓடு கட்டியிருக்கும். 'உப்பு படிஞ்சிருச்சு'ம்பாங்க. அது சோத்து உப்பு இல்ல, சுண்ணாம்பு. தண்ணியில கரைஞ்சிருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கால்சியம் கார்பனேட்டா மாறி ஒட்டிக்கும். குடிதண்ணிக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுது. வேற வழியே இல்லேன்னா 600 வரைக்கும் அனுமதி. மனுஷன் குடிக்கலாம், ஒண்ணும் ஆகாது. ஆனா உலக ஸ்பெஷாலிட்டி காபி சங்கம் காபித் தண்ணிக்கு வச்சிருக்கிற இலக்கு, கரைஞ்ச உப்பு எல்லாம் சேர்த்தே 150 மில்லிகிராம்தான். 250-ஐத் தாண்டக் கூடாதுங்கிறாங்க. நமக்கு ஆகிற தண்ணி இந்த மெஷினுக்கு ஆகாது.

கெய்சர்ல ஒரு இஞ்ச் படிஞ்சாலும் அது பாட்டுக்கு ஓடும். எஸ்பிரஸோ மெஷின்ல தண்ணி போற வழி சில இடத்துல ஊசி நுழையிற அளவுதான். அங்க ஒரு மணல் அளவு சுண்ணாம்பு வந்து நின்னாப் போதும். இன்னொரு பக்கம் கொதிகலன்ல படிஞ்ச ஓடு போர்வை மாதிரி மூடிக்கிறதால, ஹீட்டர் சூடு தண்ணிக்குப் போகாம ஹீட்டரையே வறுக்கும். அப்பதான் தெர்மல் பியூஸ்னு ஒண்ணு தன் உயிரைக் குடுத்து மெஷினைக் காப்பாத்தும். ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினா உள்ள உருகி கரண்டைத் துண்டிக்கும். ஒரு தடவைதான், திரும்ப ஒட்டாது. மாத்தணும்.

இந்த இடத்துலதான் எனக்கு நம்ம குக்கர் ஞாபகம் வருது. குக்கர் மூடியிலயும் இதே வேலையைச் செய்யிற ஒரு சேஃப்டி வால்வு இருக்கு. தண்ணி வத்திச் சூடு ஏறினா அதுல இருக்கிற ஈயம் உருகி ஆவியை வெளிய விடும். நாம என்ன பண்றோம்? 'வால்வு போயிருச்சு'ன்னு பாத்திரக் கடைக்குப் போறோம், காசைக் குடுக்கிறோம், வாங்கி மாட்டுறோம். குக்கரைத் தூக்கிப் போட்டவன் எவனாவது உண்டா? கேஸ்கட்டும் அப்படித்தான். ஊர்ல எந்தப் பாத்திரக் கடைக்குள்ள போனாலும் வளையல் மாதிரி ஆணியில தொங்குது. அஞ்சு லிட்டரா ஏழு லிட்டரா, எந்தக் கம்பெனின்னு கேட்டு எடுத்துக் குடுப்பார்.

எஸ்பிரஸோ மெஷின்லயும் அதே பியூஸ், அதே ரப்பர் வளையம்தான். ஆனா...

எங்க தெருவுல ஒரு மாமா துபாய்ல இருந்து வர்றப்ப ஒரு மெஷின் கொண்டு வந்தார். எட்டாவது மாசம் லைட் எரியுது, சூடு ஏறல. கம்பெனி நம்பருக்குப் போன் போட்டா, "அந்த மாடல் இந்தியாவுல நாங்க விக்கிறதில்ல சார், வாரண்டி வாங்கின நாட்டுலதான்". சரின்னு நம்ம மிக்ஸி ரிப்பேர் அண்ணாச்சிகிட்ட தூக்கிட்டுப் போனோம். அண்ணாச்சி திருப்பிப் பாத்துட்டு, "என்னவே, ஸ்குரூத் தலை ஒரு தினுசா இருக்கு?"ன்னார். சாதா ஸ்குரூ டிரைவர் நுழையாத முட்டை வடிவத் தலை. திறக்கக் கூடாதுன்னே போட்டது. மனுஷன் அரை மணி நேரம் பழைய குழாய்த் துண்டு ஒண்ணை அரம் போட்டு ராவி, அதுக்குன்னு ஒரு டூல் பண்ணித் திறந்துட்டார்.

போயிருந்தது தெர்மல் பியூஸ்தான். விலை ரெண்டு டீ, ரெண்டு வடைக் காசு. அதே சூட்டு அளவு உள்ளதுதான் போடணும்னு அண்ணாச்சி பிடிவாதமா நின்னு, சென்னை ரிச்சி தெருவுல இருந்து வர வச்சார். அதுக்கு ஈயப்பத்து வச்சா அந்தச் சூட்டுலயே பியூஸ் போயிரும்னு, கம்பியைக் கவ்வி நெருக்கித்தான் மாட்டினார். எந்தக் கம்பெனியும் அவருக்கு டிரெயினிங் குடுக்கல. சர்க்யூட் படம் எதுவும் அவர் கையில கிடையாது. மெஷின் ஓடிச்சு.

நாலு மாசம் கழிச்சு, காபி இறங்குற தலையில தண்ணி ஒழுக ஆரம்பிச்சது. உள்ள இருக்கிற ரப்பர் கேஸ்கட் சூட்டுல காய்ஞ்சு இறுகிப் போச்சு. இது எல்லா எஸ்பிரஸோ மெஷின்லயும் நடக்கிறது, தேய்மானச் சாமான். ஆனா அந்த மாடலுக்கு உள்ள அளவு வேற எதுலயும் சேராது. தனியா விக்கிறதும் இல்ல. சங்கரன்கோவில், தென்காசி, திருநெல்வேலின்னு எங்கயும் கிடைக்கல. அண்ணாச்சி ரப்பர் ஷீட்டுல வெட்டிப் பாத்தார், அந்த அழுத்தத்துக்கு நிக்கல. ஹீட்டர் நல்லா இருக்கு, பம்பு நல்லா இருக்கு, போர்டு நல்லா இருக்கு. அந்தக் காலத்துல எட்டணாவுக்கு வித்த மாதிரி ஒரு வாஷர் இல்லாததால, மாமா பாலைவனத்துல வேர்வை சிந்தின காசு பீரோ மேல துணி போத்திக் கிடக்கு.

எங்க பொழப்புல ரெண்டு கணக்கு உண்டு. ஒரு சிஸ்டம் எத்தனை நாளைக்கு ஒரு தடவை விழுதுங்கிறது ஒண்ணு. விழுந்தா எழுப்ப எவ்வளவு நேரம் ஆகுதுங்கிறது இன்னொண்ணு. 'விழவே விழாது'ன்னு சொல்ற சிஸ்டத்தை அனுபவம் உள்ளவன் எவனும் நம்ப மாட்டான். விழுந்தா பத்து நிமிஷத்துல எழுப்பிடலாம்னா, அதுதான் நம்பகமான சிஸ்டம். குக்கர் கேஸ்கட் வருஷா வருஷம் போகுது, இருந்தும் குக்கர் நம்பகமானது. எஸ்பிரஸோ மெஷின் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான் விழுது, ஆனா விழுந்தா பொதிகை எக்ஸ்பிரஸ்ல ஏத்தி சென்னைக்கு அனுப்பி, மாசக் கணக்குல காத்திருந்து, கடைசியில 'புதுசு வாங்கிக்கோங்க சார்' மெயில் வருது. விமர்சனம் எழுதுறவங்க நுரை எப்படி வந்துச்சுன்னு படம் பிடிச்சுப் போடுறாங்களே தவிர, இந்த ரெண்டாவது கணக்கை ஒருத்தரும் எழுத மாட்டேங்கிறாங்க.

'நுட்பமான மெஷின், அப்படித்தான் இருக்கும்'னு சிலர் வக்காலத்து வாங்குறாங்க. சும்மா. 1991-ல வந்த காஜியா கிளாசிக்னு ஒரு வீட்டு மெஷின் இருக்கு. அந்தப் பழைய மெஷின்களை இன்னிக்கும் ஓட்டுறவங்க உலகம் பூரா இருக்காங்க. அது ஒண்ணும் பழுதே ஆகாத அதிசயம் இல்ல. சாதா ஸ்குரூ, தனித்தனியாக் கழட்டுற பாகம், கேஸ்கட்டுல இருந்து பம்பு வரைக்கும் சில்லறையில கிடைக்குது. அதைவிட எளிசு, 1933-ல வந்த பியலெட்டி மோக்கா பாட். அழுத்தம் ஒண்ணு ரெண்டு பார்தான், எஸ்பிரஸோ ஆகாது, ஆனா தேயுற சாமான் ஒரே ஒரு ரப்பர் வளையம். நம்ம பில்டருக்கு அதுவும் இல்ல. ஓட்டை அடைச்சா அடுப்புத் தீயில காட்டினா முடிஞ்சது சோலி.

கரண்டு விஷயத்தையும் சொல்லிடுறேன். வீட்டுக்கு 230 வோல்ட் வரணும், 6 சதம் கூடக் குறைய இருக்கலாம்னு விதி. சாயங்காலம் எல்லாரும் மோட்டார் போடுற நேரத்துல 180 ஆச்சுன்னா 1400 வாட் ஹீட்டர் சுமார் 860 வாட்தான் குடுக்கும், ஏன்னா சூடு வோல்டேஜோட வர்க்கத்துல குறையும். காபி புளிச்சதுன்னா கொட்டை மேல பழி போடாதீங்க. இன்வெர்ட்டர்ல ஓட்டலாம்னும் நினைக்காதீங்க, சின்ன இன்வெர்ட்டர் இந்த ஹீட்டரைத் தாங்காது.

அரசாங்கம் சும்மா இருக்குன்னும் சொல்ல முடியாது. 2022 ஜூலையில நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டுச்சு, அதே வருஷம் டிசம்பர்ல ஒரு இணையதளமும் வந்துச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகச் சாமான், வண்டின்னு நாலு துறை. நல்ல ஆரம்பம்தான். ஆனா கம்பெனிக்காரன் விவரம் போடுற பக்கத்தால மாமா மெஷினுக்கு ஒரு ரப்பர் வளையம் வந்துடாது. நான் கேக்கிறது ரொம்பச் சின்ன விஷயம். தேயுற சாமான் நாலு (தலை கேஸ்கட், தெர்மல் பியூஸ், பம்பு, தெர்மோஸ்டாட்) எந்த ஊர்க்காரனும் விலை குடுத்து வாங்குற மாதிரி சில்லறையில விக்கணும். அளவை டப்பா மேல அச்சடிக்கணும். கோயம்புத்தூர் கிரைண்டர்காரங்க பெல்ட் நம்பர் சொல்லி விக்கிறாங்களே, அது மாதிரி. மிச்சத்தை எங்க அண்ணாச்சி பாத்துக்குவார்.

அது நடக்கிற வரைக்கும், வாங்கியே தீருவேன்னு நிக்கிறவங்க கடைக்காரர்கிட்ட பார் எவ்வளவுன்னு கேக்காதீங்க. "இதோட கேஸ்கட் ஒண்ணு தனியாக் குடுங்க, காசு தர்றேன்"னு கேளுங்க. முழிச்சார்னா, தேங்க்ஸ் சொல்லிட்டு வந்துருங்க. வாங்கிட்டீங்கன்னா போர்த்தண்ணி ஊத்தாதீங்க, கேன் தண்ணியோட கொஞ்சம் நல்ல தண்ணி கலந்து ஊத்துங்க. வெறும் ஆர்ஓ தண்ணியில ருசியும் சப்புனு இருக்கும், தண்ணி மட்டம் பாக்குற சென்சார் உள்ள சில மெஷின் தண்ணி இருக்குன்னே ஒத்துக்காது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை எலுமிச்சை உப்பைக் கரைச்சு ஓட்டிட்டு, ரெண்டு டேங்க் நல்ல தண்ணி விட்டு அலசுங்க. அலுமினியக் கொதிகலன்னா ரொம்ப நேரம் ஊற விடாதீங்க, அரிச்சுரும்.

டிஸ்கி: கும்பகோணத்துக்காரங்க யாரும் "இதுக்குத்தான் சொன்னோம், பில்டர் காபியே குடி"ன்னு சண்டைக்கு வராதீங்க. காலையில அதைத்தான் குடிக்கிறேன். மாமா மெஷின் கேஸ்கட்டோட வெளிவிட்டம் 61 மில்லிமீட்டர், உள்விட்டம் 49, தடிமன் 7. உங்க ஊர்ல எந்தக் கடையிலயாவது தொங்கினா ஒரு பின்னூட்டம் போடுங்க :-)