ஒரு மதிப்பெண்ணோடு முடிகிற விஷயமா?



உயிர்களின் பரம்பரைக் குறிப்புகளைச் சுமப்பவை குரோமோசோம்கள். படத்தில் அவற்றுக்கு நடுவே, இடுப்பு சிறுத்தது போல ஓர் இடம் இருக்கும். அதன் பெயர் சென்ட்ரோமியர். 'பாகம் குறி' என்றால் எழுதுகிறோம், ஒரு மதிப்பெண் வாங்குகிறோம், மறந்துவிடுகிறோம். அப்படி மறக்கக் கூடாது என்பேன் நான்.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். எத்தனை ஆயிரம் பேர் கூடினாலும், வடம் பூட்டினால்தானே தேர் நகரும்? செல் இரண்டாகப் பிரியும்போது, ஒவ்வொரு குரோமோசோமின் இரு நகல்களும் பக்கத்துக்கு ஒன்றாக இழுக்கப்படுகின்றன. இழுக்கும் இழைகள் வந்து பிடிக்கும் இடமே சென்ட்ரோமியர்.

அந்த இடத்தை அடையாளம் காட்டுவது யார்? குரோமோசோமில் உள்ள டி.என்.ஏ. இழை, ஹிஸ்டோன் என்ற புரதங்களின் மேல் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கிறது. சென்ட்ரோமியரில் மட்டும் தனி வகை ஹிஸ்டோன் ஒன்று அமர்ந்திருக்கும். "வடத்தை இங்கே பூட்டு" என்று சொல்வது அதுதான்.

அதை மாற்றினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் ரவி மருதாச்சலம், சைமன் சான் இருவரும் கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றில் மாற்றினார்கள். அதைச் சாதாரணச் செடியோடு கலந்தபோது, சில விதைகளில் மாற்றிய செடியின் குரோமோசோம்கள் தொலைந்துபோயின. மற்றச் செடியுடையவை மட்டும் மிஞ்சின! 2010-ல் இது வெளியானது. ரவி பிறகு நம் பொதிகை மலைக்கு அந்தப் பக்கம், விதுராவில் உள்ள ஐசர் நிறுவனத்தில் ஆய்வைத் தொடர்ந்தார்.

"இதனால் நமக்கென்ன?" என்கிறீர்களா? நீங்கள் சாப்பிடும் இட்லிக்கு ஏற்ற அம்பை 16 நெல், 1986-ல் அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்தது. இரண்டு ரகங்களைக் கலந்தபின், குணம் மாறாமல் நிலைக்கப் பல தலைமுறைகள் விதைத்துப் பொறுக்க வேண்டும். பாதிக் குரோமோசோம் உள்ள செடி கிடைத்தால், அவற்றை இரட்டிப்பாக்கி உடனே நிலையான ரகம் பெறலாம். நெல்லில் இந்த வழி நன்றாகக் கைகூடினால், தாமிரபரணியில் தண்ணீர் குறைந்த ஆண்டிலும் விளையும் ரகத்துக்காக நம் விவசாயி நெடுங்காலம் காத்திருக்க வேண்டாம்.

பரீட்சைக்கு வராததை ஏன் யோசிக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். படம் வரையுங்கள், பாகம் குறியுங்கள். பிறகு, "இது ஏன் இங்கே இருக்கிறது?" என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால், நாளைய நெல் அதிலிருந்து முளைக்கலாம்!